ஆதிகுடிகளின் பிரதிநிதி ஜெய்பால் சிங்

தன்பாத்திலிருந்து ராஞ்சி வழியாக ஆலப்புழை செல்லும் விரைவு வண்டி நம் பாலக்காடு சந்திப்பில் வந்து நிற்கும்போது, அதன் பொதுப் பெட்டிகளிலிருந்து இறங்கும் இளைஞர் கூட்டத்தை நம் காலனியில் காணாதவர் இரார். கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்கும் நெல்லியாம்பதித் தோட்டங்களுக்கும் செல்வோர் இங்கே இறங்குவர். மூணாறு மலைக்குச் செல்வோர் ஆலுவா வரை போவர். அவர்கள் அனைவரையும் ஹிந்திக்காரர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் வழக்கம். சில மாதங்களுக்கு முன் புக்கிங் ஆபீஸில் நான் அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் ராஞ்சிக்கு டிக்கெட் கேட்டார். சொந்த ஊர் எதுவென்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் வினவினேன். குந்தி என்றார். ஹிந்திக்காரர்தானே என்றதற்குத் தலையசைத்து மறுத்து, தாம் முண்டா என்றார். வரிசையில் ஆட்கள் நின்றமையால் மேலும் பேச இயலவில்லை. ஆயினும் குந்தி என்ற ஊர்ப்பெயரும் முண்டா என்ற குலப்பெயரும் ஒருங்கே காதில் விழுந்த மாத்திரத்தில் என் மனம் ஒரு பெரியவரிடம் ஓடிற்று. அவரே காலஞ்சென்ற திரு. ஜெய்பால் சிங். ரயில்வேயில் பணிபுரிந்த என் தந்தையார் அவரை ஹாக்கி வீரராக மட்டுமே அறிந்து, எனக்கும் அவ்வாறே சொல்லி வைத்திருந்தார். அவர் வாழ்வில் ஹாக்கி ஒரு சிறு அத்தியாயமே என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், சோட்டா நாகபுரிப் பீடபூமியில் குந்தியை அடுத்த தக்ரா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் வங்காள மாகாணத்தைச் சேர்ந்தது. பின்னர் பீஹாரில் இருந்தது. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. குடும்பம் முண்டா குலம், கிறிஸ்தவ சமயம். மாடு மேய்த்துத் திரிந்த பையன் ராஞ்சியிலிருந்த புனித பவுல் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பிர்சா முண்டா என்னும் இளைஞர் வெள்ளையர் ஆட்சியையும் நிலத்தைக் கவர்ந்த வெளியாரையும் எதிர்த்து எழுந்து, சிறையிலே உயிர் நீத்தது 1900-இல். எனவே ஜெய்பால் பிறந்த காலத்தில் அம்மலைநாட்டின் கிராமங்களில் அக்கலகத்தின் சூடு ஆறியிருக்க வழியில்லை.

பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஆங்கிலப் பாதிரியார் பையனின் அறிவையும் ஆட்டத் திறமையையும் கண்டு வியந்து, 1918-இல் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் புனித யோவான் கல்லூரியில் பயின்று, பொருளாதாரத்தில் 1926-இல் பட்டம் பெற்றார். ஹாக்கியில் ஆக்ஸ்போர்டின் ப்ளூ என்னும் விருதும் அவருக்குக் கிட்டியது. பதினைந்து வயது வரை தக்ராவிலும் ராஞ்சியிலும் வளர்ந்த ஒரு முண்டாச் சிறுவன் எட்டே ஆண்டுகளில் அடைந்த நிலை இது. பின்னர் ஐ.சி.எஸ். உத்தியோகத்திற்குத் தேர்வாகி, அதற்குரிய பயிற்சியையும் மேற்கொண்டார். அந்நாளில் அதற்கு மேல் ஓர் இந்தியன் விரும்பத்தக்க பதவி வேறொன்றில்லை.

அச்சமயம் 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா முதன்முதலாக ஹாக்கி அணியை அனுப்பியது. ஆட்டக்காரர் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர். தியான் சந்தும் அதில் இருந்தார். தலைவராக நியமிக்கப் பெற்றவர் ஜெய்பால் சிங். பயிற்சிக் காலத்தில் விடுப்புக் கிடைக்காத நிலையிலும் அவர் புறப்பட்டுவிட்டார். ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து, இறுதியில் ஹாலந்து ஆகிய ஐந்து அணிகளையும் இந்தியா வென்றது. அடித்த கோல்கள் 29, வாங்கியது ஒன்றுமில்லை. ஆனால் மே 26-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் தலைவர் ஆடவில்லை. அணியை நிர்வகித்தவர்களோடு ஏற்பட்ட மனவேறுபாட்டால் அவர் முன்னரே விலகிச் சென்றார். தம் மனத்துக்கு ஒவ்வாத இடத்தில் தங்கியிராமல் எழுந்து போய்விடும் இந்தச் சுபாவம் அவர் வாழ்வில் பிற்காலத்திலும் தென்படுகிறது. லண்டனுக்குத் திரும்பியதும், விடுப்பின்றிச் சென்றமைக்காகப் பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டுமென்றனர். அவர் ஐ.சி.எஸ்.ஸையே துறந்தார்! மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் எண்ணி வாழும் நம் போன்றோர்க்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

அடுத்த பத்தாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரி. ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில் அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியர். ராய்ப்பூரில் சமஸ்தானத்து இளவரசர்கள் பயிலும் ராஜ்குமார் கல்லூரியின் முதல்வர். பின் பிக்கானீர் சமஸ்தானத்தில் உயர்ந்த உத்தியோகம். இந்திய தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான உமேஷ் சந்திர பானர்ஜியின் பேத்தியை மணந்தார். நாகரிக சமூகம் அவருக்குத் தன் கதவுகள் யாவற்றையும் திறந்துவிட்டிருந்தது. இவ்வளவிருந்தும் 1938-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ராஞ்சிக்குத் திரும்பினார். அவ்வாண்டுதான் அங்கே ஆதிவாசி மகாசபை தோன்றியிருந்தது. 1939 ஜனவரியில் கூடிய அதன் மகாநாட்டிற்குத் தலைமை வகிக்குமாறு அவரை வேண்டினர். மலைக்கிராமங்களிலிருந்து நடந்தே வந்த பெருங்கூட்டம் அவரைத் தன் தலைவராக வரித்துக்கொண்டது. முண்டாரி மொழியில் பெருந்தலைவர் எனப் பொருள்படும் மராங் கோம்கே என்ற பட்டமும் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்நாளைய அவருடைய அரசியல் அனைத்தையும் நான் மெச்சுகிறேன் என்று எண்ண வேண்டாம். உலகப் போரின்போது காங்கிரஸ் ஒத்துழையாமையை மேற்கொண்டிருக்க, அவர் பிரிட்டிஷாரின் படைக்கு ஆதிவாசி இளைஞரைத் திரட்ட உதவினார். அதற்காகப் பலரும் அவரைக் கடிந்தனர். தம் மக்களுக்குப் பாட்னாவிலிருந்து வரும் ஆட்சியைக் காட்டிலும் வேறோர் ஆதரவு கிட்டுமோ என்ற நோக்கமே அவரை அவ்வாறு நடத்தியது போலும்.

1946-இல் அரசியல் நிர்ணய சபைக்குப் பீஹாரிலிருந்து சுயேச்சையாக அவர் தேர்வானார். இங்கேதான் அவருடைய வாழ்வின் உச்சிக்கு வருகிறோம்.

அச்சபையின் அமைப்பை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மாகாணச் சட்டசபைகளின் அங்கத்தினரே அதனைத் தேர்ந்தெடுத்தனர். பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. முஸ்லிம்கள், சீக்கியர்கள், ஏனைய பொதுவினர் என மூன்று பிரிவுகளே வகுக்கப்பட்டன. ஆதிவாசிகளுக்கெனத் தனிக் கணக்கு இல்லை. பொதுவினருள் அவர்களும் அடக்கம். ஜெய்பாலின் கணக்கில் அவர்கள் மூன்று கோடிப் பேர். பத்து லட்சத்துக்கு ஒருவரென்றால் முப்பது பேர் அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்திருந்தவரோ விரல் விட்டு எண்ணத்தக்க சிலர்.

1946 டிசம்பர் 13-ஆம் நாள் பண்டித நேரு லட்சியத் தீர்மானத்தைச் சபை முன் வைத்தார். அதன்மீது டிசம்பர் 19-ஆம் நாள் ஜெய்பால் சிங் எழுந்து பேசினார். ஆக்ஸ்போர்டு ஆங்கிலத்தில் பேசிய அவர், தம்மை ஜங்லி என்றே அறிமுகம் செய்துகொண்டார். காட்டான் என்று பிறர் ஏளனமாக வழங்கிய சொல்லைத் தாமே எடுத்து மாலையாகச் சூடிக்கொண்டது போலிருந்தது அது. சட்ட நுணுக்கங்கள் தம் போன்ற காட்டு மனிதனுக்கு விளங்காவெனத் தொடங்கி, ஆயினும் தம் மக்களின் இயற்கையறிவு அத்தீர்மானத்தை ஆதரிக்கச் சொல்கிறதென்று தொடர்ந்தார். சிந்துவெளி நாகரிகக் காலத்திலிருந்தே தம் மக்கள் இந்நாட்டிலிருப்பவர்கள். பின்வந்தோர் அவர்களைக் காட்டுக்குள் துரத்தினர். அவர்களுடைய சரித்திரம் முழுவதும் சுரண்டலும் அதை எதிர்த்த கலகமுமே என்று எடுத்துரைத்தார். மலைவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் அதைக் கற்கவேண்டும் என்பது அவர் வாதம். கிராமத்து மன்றத்தில் ஊரார் எல்லாரும் கூடியமர்ந்து முடிவெடுக்கும் வழக்கத்தை மனத்திற்கொண்டே அவ்வாறு சொன்னார். அச்சபையில் ஆண்களே நிறைந்திருப்பதையும், ஆதிவாசிப் பெண்கள் ஒருவர்கூட இல்லாமையையும் சுட்டிக்காட்டினார். நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் பெண்டிரின் தொகையை எண்ணிப் பார்த்தால் நமக்கும் சற்று வெட்கம் வரும்.

பழைய வஞ்சனைகளையெல்லாம் பட்டியலிட்ட பின்னும், பண்டித நேருவின் வாக்கை நம்பித் தீர்மானத்தை ஆதரித்தமர்ந்தார் என்பதே அவ்வுரையின் சிறப்பு. எதிர்த்துவிட்டு வெளியேறியிருந்தால் அது ஒரு நாள் செய்தியாக முடிந்திருக்கும். இம்முறை அவர் எழுந்து போகவில்லை. தொடர்ந்து மூன்றாண்டுகள் அங்கேயே அமர்ந்து, ஷரத்து ஷரத்தாக வாதாடினார்.

முதலில் பெயரைப் பற்றிய வாதம். சட்டத்தில் பட்டியற் பழங்குடி என்னும் சொல்லுக்குப் பதிலாக ஆதிவாசி என்றே எழுதவேண்டும் என்று 1948 டிசம்பரில் கோரினார். ஹிந்தி மொழிபெயர்ப்பில் வனஜாதி என்று எழுதியிருந்ததையும் கண்டித்தார். காட்டில் வசிப்பதனால் ஒரு ஜனத்தின் பெயர் காட்டு ஜாதியாகிவிடுமோ? ஆதிவாசி என்ற சொல்லில், முன்பே இங்கிருந்தவர் என்ற உரிமை அடங்கியிருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் இதனை ஏற்கவில்லை. ஆதிவாசி என்பது எல்லை வகுக்க முடியாத பொதுச்சொல். இன்ன இன்ன குலத்தார் எனப் பெயர் குறித்துப் பட்டியலிட்டாலன்றிச் சட்டத்தின் பயன் உரியவரைச் சேராது என்பது அவர் கருத்து. இரண்டிலும் நியாயம் உண்டு. சலுகையைப் பங்கிடுவதற்குப் பட்டியல் வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் சர்க்கார் கையில் உள்ள காரியம். முன்பே இருந்தவர் என்ற உரிமையோ யாரும் தந்ததன்று. ஜெய்பால் தோற்றார்.

மதுவிலக்கு விவாதத்தில் அவர் எதிர்த்து நின்றார். அரிசியிலிருந்து வடிக்கும் ஒருவகைப் பானம் முண்டா, சந்தால் மக்களின் தெய்வ வழிபாட்டிலும் திருமணத்திலும் நாற்று நடவிலும் இன்றியமையாதது; அதனை விலக்குவது அவர்களுடைய சமய உரிமையில் கை வைப்பதாகும் என்றார். மதுவிலக்கில் உறுதியான பற்றுடையவன் நான். இவ்விஷயத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் அச்சபையில் இல்லாதிருந்தால், இப்படியும் ஒரு மக்கள் இருக்கின்றனர், அவர்கட்கு இது இவ்வாறு தோன்றும் என்பது அங்கிருந்த பெரியோர் பலருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஐந்தாவது அட்டவணை. 1947 தொடக்கத்தில் சர்தார் படேலின் தலைமையில் ஓர் ஆலோசனைக் கமிட்டி ஏற்பட்டது. அதன் கீழ், அஸ்ஸாம் மலைகளுக்குக் கோபிநாத் பர்தோலாய் தலைமையில் ஓர் உபகமிட்டியும், ஏனைய மாகாணங்களுக்குத் தக்கர் பாபா தலைமையில் மற்றோர் உபகமிட்டியும் அமைந்தன. பின்னதில் ஜெய்பால் ஓர் அங்கத்தினர். இவற்றின் அறிக்கைகளே முறையே ஆறாவது, ஐந்தாவது அட்டவணைகளாயின.

ஐந்தாவது அட்டவணையின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதிவாசிகள் மிகுந்து வாழும் இடங்களைப் பட்டியற் பகுதிகள் என ராஷ்டிரபதி அறிவிப்பார். அத்தகைய மாநிலங்களில் இருபது பேருக்கு மேற்படாத ஓர் ஆலோசனை மன்றம் இருக்கும்; அவருள் முக்கால் பங்கினர் ஆதிவாசிச் சட்டசபை அங்கத்தினர். அப்பகுதிகளில் நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி தடுக்கவும், வட்டிக்கடைக்காரரைக் கட்டுப்படுத்தவும் கவர்னர் விதிகள் இயற்றலாம். எந்தச் சட்டம் அங்கே செல்லும், எது செல்லாது என்றும் அவர் அறிவிக்கலாம். முதல் நகலில் இந்த மன்றத்தின் வார்த்தைக்கு வலு இருந்தது. ஒரு சட்டம் வேண்டாவென்று மன்றம் கூறினால் கவர்னர் அதன்படி நடக்கவேண்டியவர். 1949 செப்டம்பரில் புதிய நகல் வந்தபோது, கவர்னர் விரும்பினால் நடக்கலாம், விதி செய்யும்போது மன்றத்தைக் கலந்துகொண்டால் போதும் என்றாகிவிட்டது. நடக்க வேண்டும் என்பதற்கும் நடக்கலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு, ஆபீஸ் சுற்றறிக்கைகளைப் படித்துப் பழகிய நம் காலனியார்க்கு விளக்க வேண்டியதில்லை! மன்றம் வலுவிழந்துவிட்டதென ஜெய்பால் மன்றாடினார். திருத்தங்கள் கொணர்ந்தார். பெரும்பான்மை அவற்றை ஏற்கவில்லை.

நம் மலைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இல்லாமையே இங்குச் சொல்லவேண்டிய செய்தி. பட்டியற் பகுதிகள் பெரும்பாலும் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெள்ளையர் ஒதுக்கி வைத்திருந்த பகுதிகளைத் தழுவியே அறிவிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தின் நிலப்பரப்பில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை கோதாவரி, விசாகப்பட்டினப் பக்கத்து மலைகளே. மலபார் ஜில்லாவிலிருந்த அட்டப்பாடி அதில் இல்லை. தேவிகுளம் மலையோ திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அப்பட்டியலில் இடம்பெறவே வழியில்லை. ஆகவே இன்றளவும் கேரளத்தில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒரு சாண் நிலமும் கிடையாது. தமிழ்நாட்டில் ஆலோசனை மன்றம் அமைந்ததேயன்றிப் பட்டியற் பகுதி அங்கும் இல்லை. அட்டப்பாடியின் இருளரும் முடுகரும் குறும்பரும், பறம்பிக்குளத்துக் காடரும் மலசரும், இடுக்கியின் முதுவரும் மன்னான்களும், மறையூர்ப் பக்கத்து மலைப்புலையரும் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றனர். அவர்கள் நிலம் பட்டியலில் ஏறவில்லை.

விளைவு கண்கூடு. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. மேற்கேயிருந்து மலையாளக் குடியேறிகள் வந்தனர். கிழக்கேயிருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், நம் தமிழரும் சென்றனர். பறிபோன நிலத்தை மீட்டுத்தரக் கேரளச் சட்டசபை 1975-இல் ஒரு சட்டம் செய்தது. அதற்குரிய விதிகள் வெளிவந்ததோ 1986-இல். பின்னர் 1999-இல் வேறொரு சட்டம் வந்து, இரண்டு ஹெக்டேர் வரை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடியினர்க்குச் சர்க்கார் மாற்று நிலம் தரும் என்றாயிற்று. கேரளத்தின் 140 சட்டசபைத் தொகுதிகளில் பழங்குடியினர்க்கு ஒதுக்கியவை இரண்டு. இரண்டும் வயநாட்டில் உள்ளன. அட்டப்பாடியார் மண்ணார்க்காடு என்னும் பொதுத் தொகுதியில் அடங்கியவர். தேவிகுளம் தொகுதி பட்டியற் சாதியினர்க்கு உரியது. கேரளத்திலிருந்து மக்களவைக்குச் செல்லும் இருபது பேரில் பழங்குடித் தொகுதி எதுவுமில்லை. சிறுதொகையினராய்ச் சிதறி வாழ்வோர்க்கு ஒதுக்கீடு என்ற ஏற்பாடு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை இதனால் அறியலாம். 2010-இல் மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து முதுவர் வாழும் இடமலைக்குடியைத் தனிப் பஞ்சாயத்தாக்கினர். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அதுவே. இது ஒரு தொடக்கம். ஜெய்பால் டில்லியில் கேட்டது இதனினும் மிகப் பெரிது.

சரிதத்திற்குத் திரும்புவோம். 1948-ஆம் ஆண்டுப் பிறப்பன்று கர்சவான் சமஸ்தானத்தை ஒரிஸ்ஸாவோடு இணைப்பதை எதிர்த்துத் திரண்ட ஆதிவாசிகள்மீது போலீஸார் சுட்டுப் பலர் மாண்டனர். அக்கொடுமை தனி மாநிலக் கோரிக்கைக்கு உரமாயிற்று. மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக மாறியது. சேவல் அதன் தேர்தல் சின்னம். 1952 பொதுத் தேர்தலில் பீஹார்ச் சட்டசபையில் 30-க்கும் மேற்பட்ட இடங்களை அக்கட்சி வென்று, முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று. ஜெய்பால் மக்களவைக்குச் சென்றார். அதன் பின் தொடர்ந்து மூன்று தேர்தல்களிலும் வென்று, இறுதி மூச்சு வரை அவர் பார்லிமெண்டு அங்கத்தினர்.

1955-இல் ராஜ்யங்கள் புனரமைப்புக் கமிஷன் தன் அறிக்கையை அளித்தது. நம்மவர் இவ்வறிக்கையை மறக்கவியலாது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்ற தமிழர் கோரிக்கையை அது மறுத்தது. இன்று அவ்வட்டங்கள் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. அதே அறிக்கைதான் ஜார்க்கண்ட் கோரிக்கையையும் மறுத்தது. கோரும் பகுதியில் ஆதிவாசிகள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவர். அவர்களுக்குள்ளும் மொழிகள் பல. பிரித்தால் பீஹாரின் பொருளாதாரம் குலையும் என்பன அது கூறிய காரணங்கள். இரு ஏமாற்றங்களும் ஒரே புத்தகத்தில் அச்சாகியுள்ளன. ஆனால் ஒரு வேற்றுமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தேவிகுளம் தமிழருக்கா மலையாளிகளுக்கா என்று இரு சாராரும் வழக்காடியபோது, தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே அம்மலையில் வாழ்ந்த முதுவரின் பெயரை இரு சாராரும் எத்தனை முறை எடுத்தோம்? நமக்காகப் பேச நேசமணி போன்ற தலைவர்கள் இருந்தனர். முதுவருக்கு ஒரு ஜெய்பால் வாய்க்கவில்லை.

கமிஷனின் மறுப்புக்குப் பின் கட்சி தளர்ந்தது. 1962 தேர்தலில் அதன் இடங்கள் குறைந்தன. 1963-இல் ஜெய்பால் சிங் தம் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். பீஹார் மந்திரிசபையில் சில காலம் ஒரு பதவியும் வகித்தார்; அதுவும் நிலைக்கவில்லை. தனி மாநிலம் வரும் என்ற நம்பிக்கையில் இணைந்தார் என்பர் சிலர். களைத்துப்போய் இணைந்தார் என்பர் வேறு சிலர். டில்லி வாசத்தில் அவர் கிராமத்து மக்களிடமிருந்து விலகிப் போயிருந்தார் என்ற குறைபாடும் முன்பே எழுந்திருந்தது. காலில் செருப்பின்றிப் பல மைல் நடந்து வந்து சேவலுக்கு வாக்களித்தவர்களைக் கேட்டு அவர் அம்முடிவை எடுத்ததாகத் தெரியவில்லை. ஊரார் எல்லாரும் கூடி முடிவெடுக்கும் மன்றத்தைப் பற்றி 1946-இல் அவ்வளவு பெருமிதத்தோடு பேசியவர் அவர். இறுதி நாட்களில் அவரே அவ்விணைப்பைத் தவறென உணர்ந்ததாகச் சொல்வார்கள்.

1970 மார்ச் 20-ஆம் நாள் அவர் டில்லியில் காலமானார். வயது அறுபத்தேழு. அவர் கேட்ட மாநிலம், அவர் கேட்ட எல்லையில் அன்றி, பீஹாரின் தென்பகுதியை மட்டும் கொண்டு 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல், பிர்சா முண்டாவின் பிறந்த நாளன்று பிறந்தது. ராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சந்தால் குலத்துப் பெண்மணியான திருமதி திரௌபதி முர்மு 2022-இல் ராஷ்டிரபதியானார். பட்டியற் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி அப்பதவிக்கே உரியது. சட்டசபைகளிலும் மக்களவையிலும் பத்தாண்டுகளுக்கு என்று வைத்த இட ஒதுக்கீடு ஒவ்வொரு பத்தாண்டும் நீட்டிக்கப்பட்டு, இப்போது 2030 ஜனவரி வரை உள்ளது. மக்களவையில் பழங்குடியினர்க்கு 47 இடங்கள்.

1949 செப்டம்பரில், மொழிகள் பற்றிய விவாதத்தின்போது, எட்டாவது அட்டவணையில் முண்டாரி, கோண்டி, ஒராவன் ஆகிய மூன்று மொழிகளையும் சேர்க்க வேண்டுமென ஜெய்பால் ஒரு திருத்தம் கொணர்ந்ததை மேலே சொல்ல மறந்தேன். அதுவும் நிறைவேறவில்லை. 2003-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தால் சந்தாலி மொழி அவ்வட்டவணையில் ஏறியது. முண்டாரி இன்னும் ஏறவில்லை. அன்று புக்கிங் ஆபீஸில் குந்தி இளைஞர் என்னிடம் பேசியது ஹிந்தி. நான் அவரிடம் பேசியதும் ஹிந்தி. இருவர்க்கும் அது தாய்மொழியன்று.